மூன்று நாள் நின்றால் செல்ஃப் எடுக்காத லாரி

சனிக்கிழமை லோடு இறக்கி செட்டில் நிறுத்திய வண்டி, செவ்வாய்க்கிழமை காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். பக்கத்து வண்டியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் பண்ணி ஒரு டிரிப் ஓட்டினால் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். அடுத்த முறை நாலு நாள் நின்றதும் மறுபடி அதே 'டக்'. இந்த நிலையில் பெரும்பாலான முதலாளிகள் இரண்டு பேட்டரியையும் மாற்றிவிடுகிறார்கள். புதுசு என்பதால் கொஞ்ச காலம் தாங்கும், பிறகு அதுவும் உட்கார்ந்துவிடும். வண்டி சும்மா நிற்கும்போது கரண்ட் கசியும் லீக்கேஜ் எங்கே என்று பார்க்காமல் மாற்றிய பேட்டரிக்குக் கொடுத்த பணம் வீண்தான். நல்ல பேட்டரியைக்கூட நாலைந்து தடவை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டால் பிளேட்டில் சல்ஃபேட் கட்டி, பழைய கொள்ளளவு திரும்பவே திரும்பாது.

முதலில் ஒரு கணக்கு. லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு சீரியஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இணைந்திருக்கின்றன. 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி இரண்டு போட்டால் 300 ஏஎச் என்று பலரும் நினைக்கிறார்கள். சீரியஸில் வோல்டேஜ்தான் கூடும், ஏஎச் அதே 150தான். அதில் பாதி, அதாவது 75 ஏஎச் போய்விட்டாலே செல்ஃப் திணற ஆரம்பிக்கும். 50 மில்லி ஆம்பியர் லீக்கேஜ் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஏஎச் போகும், பாதி காலியாக இரண்டு மாதம் பிடிக்கும். அரை ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 12 ஏஎச், ஆறு நாளில் பாதி தீர்ந்தது. ஒன்றரை ஆம்பியர் என்றால் இரண்டே நாள். பேட்டரி பழசாகி உண்மையான கொள்ளளவு 90 ஏஎச்-க்கு வந்திருந்தால் இந்த நாள் கணக்கெல்லாம் இன்னும் சுருங்கும். ஆகவே 'எத்தனை நாள் நின்றால் எடுக்கவில்லை' என்று டிரைவரிடம் கேட்டாலே, தேடுவது மில்லி ஆம்பியரா ஆம்பியரா என்பது பாதி தெரிந்துவிடும். ஒரே ராத்திரியில் இறங்கும் வண்டியில் ஜிபிஎஸ்ஸைச் சந்தேகப்படுவதில் அர்த்தமில்லை. அங்கே ஏதோ லைட் எரிகிறது, அல்லது டைனமோவுக்குள் (பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர்) கரண்ட் போகிறது, அல்லது பேட்டரியிலேயே ஒரு செல் செத்திருக்கிறது.

அந்தக் கடைசி சந்தேகத்தை முதலிலேயே தீர்த்துவிட வேண்டும். இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக வெளி சார்ஜரில் முழுசாக ஏற்றுங்கள். சில மணி நேரம் ஆற விட்டு வோல்டேஜ் பாருங்கள். ஒவ்வொன்றும் 12.6-க்கு மேல் நிற்க வேண்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் சார்ஜ் இருக்கிறது. பிறகு எதிலும் சேர்க்காமல் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் அளந்து பாருங்கள். ஒயரே இல்லாமல் ஒன்று மட்டும் 0.2 வோல்ட் இறங்கியிருந்தால் கோளாறு அதற்குள்ளேயே இருக்கிறது. மூடி திறக்கும் பேட்டரி என்றால் ஆசிட்டின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் விடுங்கள். ஐந்து செல் 1.250 காட்டி ஆறாவது 1.180 காட்டினால் அந்தச் செல் போய்விட்டது.

பேட்டரியின் மேல்பரப்பையும் விட்டுவிடக் கூடாது. லாரியில் பேட்டரி சேசிஸ் ஓரமாகத் திறந்த பெட்டியில் இருப்பதால், ரோட்டுப் புழுதியும் ஆசிட் ஆவியும் சேர்ந்து மேலே ஈரமான ஒரு படலமாகப் படியும். மீட்டரின் கறுப்பு முனையை நெகட்டிவ் டெர்மினலில் வைத்து, சிவப்பு முனையைப் பிளாஸ்டிக் மேல்மூடியில் இழுத்துப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த அழுக்கு வழியாகவே சார்ஜ் கசிகிறது. மூடிகளை இறுக்கிவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துடைத்து, காய விட்டால் போதும்.

இனி வண்டியில் அளப்பது. பட்டறைகளில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி நடுவே ஒரு டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. 24 வோல்ட் 21 வாட் பல்பு முழுசாக எரிய கிட்டத்தட்ட 0.9 ஆம்பியர் வேண்டும். 100 மில்லி ஆம்பியர் ஓடினால் அதில் ஒரு மினுக்கம்கூடத் தெரியாது. பல்பு எரியவில்லை, அதனால் லீக்கேஜ் இல்லை என்று சொல்லி அனுப்பிய வண்டிகள்தான் பத்து நாள் கழித்துத் திரும்பி வருகின்றன. ஆனாலும் பல்பைத் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த பத்தியில் சொல்லும் துண்டு ஒயர் முறையில் அதை முதலில் வைத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் பெரிய லோடு இருக்கிறது, மல்டிமீட்டரை அங்கே வைக்காதீர்கள், அதன் ஃபியூஸ் போய்விடலாம். மங்கலாகவோ எரியாமலோ இருந்தால் மீட்டரை வைக்கலாம்.

மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்ற மறக்கக் கூடாது. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுமுன் ஒரு துண்டு ஒயரால் பேட்டரி போஸ்ட்டையும் கேபிளையும் இணைத்துவிடுங்கள். கிளாம்பைக் கழற்றுங்கள், மீட்டரை இரண்டுக்கும் நடுவே வையுங்கள், கடைசியாக அந்தத் துண்டு ஒயரை எடுங்கள். ஒரு நொடிகூடச் சப்ளை அறுபடாமல் இருப்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடு. சப்ளை அறுந்து திரும்ப வந்தால் ஈசியூ என்னும் கம்ப்யூட்டர் பெட்டிகள் எல்லாம் விழித்துக்கொள்ளும், சில சமயம் லீக்கேஜுக்குக் காரணமான பொருளே ரீசெட் ஆகி நல்ல பிள்ளையாகிவிடும். அப்புறம் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

பேட்டரி லைனைத் துண்டிக்கும் மெயின் சுவிட்ச் இருக்கும் வண்டியில் இன்னும் சுலபமான வழி உண்டு. சுவிட்ச் ஆனில் இருக்கும்போதே அதன் இரண்டு போல்ட்டிலும் மீட்டரின் இரண்டு முனையைக் கவ்வ விட்டு, பிறகு சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். கரண்ட் மீட்டர் வழியாகப் போகும், ஒரு நட்டுகூடக் கழற்ற வேண்டாம். ஆனால் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு நேராகப் பேட்டரியில் மாட்டிய எதுவும் இந்த அளவில் வராது. மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டுப் போயும் பேட்டரி இறங்குகிறது என்றால், தேட வேண்டியது பேட்டரி டெர்மினலில் தனியாகத் தொங்கும் மெல்லிய ஒயர்களைத்தான்.

தொடர்ந்து லாரி வேலை பார்ப்பவர் டிசி அளக்கும் டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்வி கரண்ட் அளக்கும் மீட்டர்) ஒன்று வாங்கிவிடுவது நல்லது. வீட்டு ஒயரிங்குக்கு வைத்திருக்கும் ஏசி டாங் டெஸ்டர் இங்கே பூஜ்யம்தான் காட்டும். டிசியிலும் 10 மில்லி ஆம்பியர் வரை பிரித்துக் காட்டுவதாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒயருக்கு வெளியே வைத்து ஜீரோ பட்டனை அழுத்திவிட்டு, அதே கோணத்தில் பிடித்து அளக்க வேண்டும்.

எதில் அளந்தாலும் வண்டி தூங்கும் வரை, அதாவது ஈசியூ எல்லாம் வேலை முடித்து அடங்கும் வரை, காத்திருக்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் இது முக்கியம். சாவியை எடுத்த பிறகும், புகையைச் சுத்தம் செய்யும் யூரியாவின் பம்ப் லைனில் இருக்கும் திரவத்தை டேங்குக்குத் திருப்பி இழுத்துக்கொண்டிருக்கும், ஈசியூ தன் கணக்குகளை எழுதிக்கொண்டிருக்கும். சாவியை எடுத்ததும் ஆம்பியர் கணக்கில் காட்டும், படிப்படியாக இறங்கும். அரை மணி, சில வண்டிகளில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். கேபின் கதவைத் திறந்து வைத்து வேலை செய்வதானால், கதவின் லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் தட்டி 'மூடிய' நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இல்லாவிட்டால் அளப்பது கேபின் லைட்டைத்தான். இந்த யூரியா விஷயத்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்ஜினை அணைத்த கையோடு மெயின் சுவிட்சைத் திருகும் பழக்கம் பிஎஸ் 6-இல் ஆகாது. வண்டிப் புத்தகத்தில் சொன்ன நேரம் வரை, ஓரிரு நிமிடமாவது பொறுங்கள். லைனில் நின்றுபோன யூரியா உப்பாகக் கட்டினால் அந்தச் செலவு பேட்டரிச் செலவைவிடப் பெரியது.

தூங்கிய பிறகு எவ்வளவு இருக்கலாம்? ஈசியூ இல்லாத பழைய வண்டியில், வெறும் கடிகாரம் மட்டும் என்றால், 10, 20 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது. பிஎஸ் 6 வண்டியில் ஈசியூ, ஏபிஎஸ், ஜிபிஎஸ் எல்லாம் சேர்ந்து 100-க்குள் இருந்தால் கவலை இல்லை. 200-க்கு மேல் நின்றால் தேடித்தான் ஆக வேண்டும். ஒரு அளவைப் பார்த்ததும் மீட்டரை எடுத்துவிடாதீர்கள். ஜிபிஎஸ் சில நிமிடத்துக்கு ஒரு தடவை விழித்து சிக்னல் அனுப்பும், அப்போது அளவு ஏறி இறங்கும். மீட்டரில் மின்-மேக்ஸ் (குறைந்த, கூடிய அளவைப் பிடித்து வைக்கும்) வசதி இருந்தால் அதைப் போட்டு கால் மணி நேரம் விடுங்கள். ஏஐஎஸ் 140 என்னும் அரசுத் தரத்தில் வரும் ஜிபிஎஸ்ஸுக்கு உள்ளேயே சின்ன பேட்டரி உண்டு, மெயின் சப்ளை போனால் அது உடனே தகவல் அனுப்பும். ஆகவே லீக்கேஜைக் குறைக்கிறேன் என்று அதை இக்னிஷனுக்கு மாற்றி மாட்டாதீர்கள்.

இப்போது நம் ஊர் லாரிகளில் அதிகம் மாட்டும் இடத்துக்கு வருவோம். 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் சாமான் போட வேண்டும். மியூசிக் சிஸ்டம், ஆம்ப்ளிஃபயர், சின்ன ஃபேன், போன் சார்ஜர் எல்லாம் 12 வோல்ட்டில் மலிவாகக் கிடைக்கின்றன. இரண்டு பேட்டரிக்கும் நடுவே உள்ள இணைப்புக் கேபிளில் ஒரு ஒயரைச் சுற்றினால் 12 வோல்ட் வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. நாமக்கல், சங்ககிரி பக்கம் பாடி கட்டி, ஒயரிங் முடித்து, அலங்கார லைட் போட்டு வரும் வண்டிகளில் இந்த நடு ஒயர் இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதனால் என்ன நடக்கிறது? அந்த 12 வோல்ட் சாமான்கள் எர்த் பக்கத்துப் பேட்டரியிலிருந்து (கீழ்ப் பேட்டரி) மட்டும் குடிக்கின்றன, மற்றது, அதாவது மேல் பேட்டரி, சும்மா இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது டைனமோ கொடுப்பது மொத்தம் 28 வோல்ட். பாதி இறங்கிய கீழ்ப் பேட்டரி 13.2-இல் நின்றால், மிச்சம் 14.8 முழு சார்ஜில் உள்ள மேல் பேட்டரியின் தலையில் விழும். ஒன்று எப்போதும் அரைப் பட்டினி, மற்றது எப்போதும் அஜீரணம். ஒரு பேட்டரிக்கு மட்டும் அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது, இன்னொன்று அடிக்கடி இறங்குகிறது என்றால் வேறு சோதனையே வேண்டாம், நடு ஒயரைத் தேடுங்கள். வழக்கமாக, இறங்கியதை மட்டும் மாற்றுவார்கள், ஆனால் கூடுதல் சார்ஜில் வெந்துகொண்டிருப்பது மற்றதுதான்.

இதை அளவிலும் பிடிக்கலாம். சீரியஸ் சுற்றில் கரண்ட் எங்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வண்டி தூங்கிய பிறகு டாங் டெஸ்டரை மூன்று இடத்தில் வையுங்கள்: பாசிட்டிவ் கேபிள், இரண்டு பேட்டரிக்கும் இடையிலான இணைப்புக் கேபிள், எர்த்துக்குப் போகும் நெகட்டிவ் கேபிள். மூன்றிலும் 80 மில்லி ஆம்பியர் என்றால் நடு ஒயர் இல்லை. பாசிட்டிவிலும் இணைப்பிலும் 80, நெகட்டிவில் 680 என்றால், அந்த 600-ம் நடுவிலிருந்து போகும் 12 வோல்ட் லோடு. பாசிட்டிவ் பக்கம் மட்டும் மீட்டர் வைத்தவர் '80தான், வண்டி சுத்தம்' என்று சொல்லிவிடுவார். இன்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரியின் வோல்டேஜையும் தனித்தனியாக அளந்தாலும் தெரியும். அரை வோல்ட் வித்தியாசம் வந்தால் சமநிலை கெட்டுவிட்டது.

தீர்வு, 24 வோல்ட்டை 12 ஆக்கும் ஒரு கன்வெர்ட்டர். ஆனால் அதையும் நேராகப் பேட்டரியில் மாட்டினால், எந்த லோடும் இல்லாதபோதும் தன் பங்குக்குக் கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால் ரிலே (சிறு கரண்ட்டால் இயங்கும் சுவிட்ச்) வழியாகப் போடுங்கள். ரிலேயின் 30 என்ற எண் போட்ட முனைக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக லைன், 87-லிருந்து கன்வெர்ட்டருக்கு, 86-க்கு சாவி போட்டால் மட்டும் வரும் இக்னிஷன் லைன், 85-க்கு எர்த். 10 ஆம்பியர் லோடுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் போதும். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு அடிக்குள் இருக்க வேண்டும். கேபினில் ஃபியூஸ் வைத்தால் நடுவில் சேசிஸில் உரசும் ஒயருக்குக் காவல் இல்லை. ரிலே 24 வோல்ட் என்று அச்சிட்டதா என்று பார்த்து வாங்குங்கள், 12 வோல்ட் ரிலேயின் காயில் வெந்துபோகும். பேட்டரி ஒன்று தளர்ந்திருந்தால் இரண்டையும் ஒரே பிராண்டில், ஒரே ஏஎச்-இல், ஒரே நாளில் மாற்ற வேண்டும்.

நடு ஒயர் இல்லாமலும் லீக்கேஜ் காட்டினால், ஃபியூஸ் பெட்டிக்குப் போகலாம். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்க்கும் முறை பழைய வண்டிக்குப் பரவாயில்லை. ஈசியூ உள்ள வண்டியில் ஃபியூஸைத் திரும்பச் செருகியதும் அந்தப் பிரிவு விழித்துவிடும், மறுபடி அரை மணி காத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, பிளேடு ஃபியூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் தொடுங்கள். கரண்ட் ஓடாத ஃபியூஸில் பூஜ்யம். ஓடும் ஃபியூஸில் சின்னதாக ஒரு எண் வரும். 10 ஆம்பியர் ஃபியூஸில் 1 மில்லி வோல்ட் என்றால் ஏறக்குறைய 130 மில்லி ஆம்பியர், 5 ஆம்பியர் ஃபியூஸில் சுமார் 60, 20 ஆம்பியர் ஃபியூஸில் சுமார் 300. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், ஆனால் குற்றவாளியைக் காட்ட இது போதும். ஃபியூஸ் தெரிந்த பிறகு அந்த லைனில் உள்ள ரிலேக்களைத் தொட்டுப் பாருங்கள். காயிலில் கரண்ட் ஓடும் ரிலே மற்றவற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும்.

எல்லா ஃபியூஸும் பூஜ்யம், ஆனால் பேட்டரியில் ஆம்பியர் காட்டுகிறது என்றால் மிச்சம் இருப்பது ஃபியூஸ் இல்லாத தடிக் கேபிள்கள். முதல் சந்தேகம் டைனமோ. விடியற்காலையில், வெயில் படுமுன், ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் டைனமோவை உள்ளங்கையால் தொடுங்கள், பிறகு இன்ஜின் பிளாக்கைத் தொடுங்கள். பிளாக் சில்லென்றும் டைனமோ மட்டும் இளஞ்சூடாகவும் இருந்தால் ராத்திரி முழுக்க அதற்குள் கரண்ட் ஓடியிருக்கிறது. டயோடு லீக்காகவும் இருக்கலாம், இக்னிஷன் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டு ஃபீல்டுக்குச் சப்ளை நிற்காமலும் இருக்கலாம். உறுதி செய்ய பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, டைனமோவின் பி பிளஸ் (பேட்டரிக்குப் போகும் பாசிட்டிவ்) கேபிளை எடுத்து, அதன் முனையில் உள்ள லக்கை டேப் சுற்றிக் கட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு விழுந்துவிட்டால் டைனமோதான். பேட்டரி ஒயரைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் அடித்த வண்டிகளில் டயோடு அடிபடுவது சகஜம். வெல்டிங் அடிக்குமுன் இரண்டு டெர்மினலையும் எடுத்து, ஈசியூ கப்ளரையும் கழற்றச் சொல்லுங்கள். டைனமோ சரியாக இருந்தால் அடுத்தது செல்ஃப் மோட்டார், அதன் கேபிளையும் அதேபோல் தனியாக்கிப் பார்க்க வேண்டும்.

பிரேக் லைட்டை யாரும் பின்னால் போய்ப் பார்ப்பதில்லை. ஏர் பிரேக் வண்டியின் ஸ்டாப் லைட் சுவிட்சுக்குள் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் 21 வாட் பல்பு இரண்டும் நிற்காமல் எரியும், 1.75 ஆம்பியர் கணக்கு. இருட்டிய பிறகு வண்டியை ஒருமுறை சுற்றி வந்தால் தெரிந்துவிடும். டிரெய்லர் என்றால் சுருள் கேபிளைப் பிடுங்கி, முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். சாக்கெட்டில் பச்சை பூத்திருந்தால் மாற்றிவிடுங்கள். சாய்க்கும் கேபின் வண்டியில் ஒயர்க் கட்டு (ஹார்னஸ்) மடங்கும் இடத்தில் இன்சுலேஷன் உரிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கழற்றும்போது எர்த் ஒயர் முதலில், மாட்டும்போது எர்த் ஒயர் கடைசியில். ஸ்பேனர் சேசிஸைத் தொட்டால் தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஏறிய பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் இருக்கும், அங்கே பொறி ஆகாது. மோதிரம், வாட்ச், கைச்சங்கிலி மூன்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் வண்டியைத் தூங்க விட்டு மறுபடி ஒருமுறை அளந்து பாருங்கள். ஒரு லீக்கேஜ் பிடிபட்டதும் நிறுத்திவிடுவதால் இரண்டாவது தப்பிவிடுகிறது, பாடி கட்டிய வண்டியில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். பிறகு பேட்டரிப் பெட்டி மூடியின் உட்புறத்தில் பெயின்ட் மார்க்கரால் எழுதிவிடுங்கள்: தேதி, இரண்டு பேட்டரியின் வோல்டேஜ், தூங்கும்போது மூன்று கேபிளிலும் வந்த மில்லி ஆம்பியர். அடுத்த தடவை யார் பெட்டியைத் திறந்தாலும் அந்த எண்ணிலிருந்து தொடங்கலாம்.